கடைசியாகத் தொட வேண்டிய ஸ்க்ரூ

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



"ஆட்டோமொபைல்தானே படிக்கிற? இந்த வண்டிக்கு என்னான்னு கொஞ்சம் பாரேன்!"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வயிறு கலங்காத மாணவன் நம் பிரிவில் உண்டா? கல்யாண வீட்டுக்குப் போனால் பெரியப்பாவின் மொபெட். திருவிழாவுக்குப் போனால் சித்தப்பாவின் டிராக்டர். பரீட்சை ஹாலில் கூட சாய்ஸ் உண்டு. சொந்தக்காரர்களிடம் சாய்ஸ் கிடையாது! எனக்கு வந்த கேள்வித்தாள் என் தாய்மாமாவின் 1997 மாடல் மாருதி 800.

மாமாவும் அத்தையும் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்குப் பின் சீட்டை மடக்கி, மாவு டப்பாக்களை அடுக்கிக் கிளம்பினால் ஏழு மணிக்குள் இருபத்திரண்டு கடை முடிக்க வேண்டும். வண்டி நின்றால் மாவு புளிக்கும். மாவு புளித்தால் அன்றைய வரும்படியும் புளித்துப் போகும்.

போன வருஷ லீவில் மாமா என்னிடம் சொன்ன குறை இதுதான்: "காலையில கிளப்புறப்ப நல்லாத்தான் இருக்கு மாப்ளே. அஞ்சாறு கடை தாண்டுனதும், நிக்கிற இடத்துல எல்லாம் குலுங்குது. சில நேரம் ஆஃப் ஆயிடுது. ஆனா ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல."

இந்த நாலு வரியிலேயே பாதி விடை இருந்தது. எனக்குத்தான் அப்போது அது காதில் விழவில்லை. பானட்டைத் திறந்தேன். கார்புரேட்டரில் ஐடிலிங் வேகத்தைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருப்புளியால் ஒரு சுற்று உள்ளே விட்டேன். இன்ஜின் 'உர்' என்று உயர்ந்து நின்றது. குலுக்கல் போச்சு! "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!" என்றார் மாமா. அத்தை அன்று மீன் குழம்பு வைத்தார்கள். நானும் கூசாமல் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. இருட்டு நேரம், ஹெட்லைட் எரிகிறது, ரயில்வே கேட்டைத் தாண்டும்போது முன்னால் போன லோடு ஆட்டோ வேகம் குறைத்திருக்கிறது. மாமா கிளட்சை மிதித்திருக்கிறார். தண்டவாளத்தின் மேலேயே இன்ஜின் ஆஃப்! பின்னால் வந்தவர்கள் இறங்கித் தள்ளி அப்பால் விட்டிருக்கிறார்கள். அந்த நேரம் ரயில் வரவில்லை. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "ஒரு ஒர்க்‌ஷாப்புல கேட்டேன் மாப்ளே, கார்புரேட்டரையே மாத்தணுங்கிறாங்க. பழைய வண்டி எடுக்கிறவர் ஒருத்தர் இரும்பு விலைக்குக் கேக்குறார். குடுத்திரட்டுமா? நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். படித்த பிள்ளையாம், என்னிடம் கேட்கிறார்! அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

ஐடிலிங் என்பது என்ன?

மனிதனுக்கு நாடித்துடிப்பு எப்படியோ, இன்ஜினுக்கு ஐடிலிங் அப்படி. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. ஒரு நூலிழை இடைவெளியில் போகும் காற்றும், ஐடில் ஜெட் வழியாக வரும் துளிப் பெட்ரோலும் சேர்ந்து இன்ஜினை உயிரோடு வைத்திருக்கின்றன. அந்த இன்ஜின் அப்போது வேறு வேலை எதுவும் செய்வதில்லை. தன் சொந்த உராய்வை வென்று, தான் நிற்காமல் இருப்பதுதான் அதன் வேலை. அதனால் சின்னக் குறை கூட ஐடிலிங்கில் பெரிதாகத் தெரியும்.

அதிலும் மாருதி 800-க்கு ஒரு விசேஷம் உண்டு. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து, 2014 ஜனவரி வரை தயாரிப்பில் இருந்த இந்த வண்டியின் இன்ஜினுக்கு மூன்று சிலிண்டர். போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், 796 சி.சி. சரியாக வரும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்றுவதற்குள் மூன்று முறை பவர் கிடைக்கிறது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 240 டிகிரி. ஒரு பவர் ஸ்ட்ரோக் நீடிப்பதோ சுமார் 180 டிகிரிதான். மிச்சம் 60 டிகிரிக்குத் தள்ளுவதற்கு ஆளே இல்லை. பிளைவீல்தான் இழுத்துக்கொண்டு போகிறது. நான்கு சிலிண்டர் வண்டியில் இந்த இடைவெளி கிடையாது. ஆகவே மூன்று சிலிண்டரில் ஒரு பவர் சோர்ந்தால் கூட ஸ்டியரிங் வரைக்கும் ஆட்டம் தெரியும்.

ஓடும்போது நல்லா இருக்கே, நிற்கும்போது மட்டும் ஏன்?

மாமாவின் கேள்வி இதுதான். பதிலை ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

ஐடிலிங் 850 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 425 தடவை இன்ஜின் தன் 796 சி.சி.யை நிரப்புகிறது. முழுசாக நிரம்பினால் சுமார் 338 லிட்டர் காற்று. ஆனால் திராட்டில் மூடியிருப்பதால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது என்று கொள்ளுங்கள். அப்படியானால் விநாடிக்குச் சுமார் 2 லிட்டர்.

திராட்டில் மூடியிருக்க, பிஸ்டன்கள் இழுக்க, மேனிஃபோல்டுக்குள் நல்ல வேக்கம் உண்டாகிறது. ஆரோக்கியமான இன்ஜினில் கேஜ் வைத்துப் பார்த்தால் பாதரசக் கணக்கில் 18 அங்குலத்தை ஒட்டி முள் அசையாமல் நிற்கும். இப்போது அந்த மேனிஃபோல்டில் எங்கோ 2 மி.மீ. ஓட்டை ஒன்று இருக்கிறதென்று வையுங்கள். அந்த இழுவையில் அது வழியாக விநாடிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்று திருட்டுத்தனமாக நுழையும். இரண்டு லிட்டருக்கு அரை லிட்டர்! கால் பங்கு காற்று கார்புரேட்டருக்குத் தெரியாமலே உள்ளே போகிறது. அதற்குரிய பெட்ரோலை யார் கொடுப்பார்கள்? பெட்ரோல் எரிய காற்று 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும் என்பது நாம் படித்த பாடம். இங்கே கலவை 'லீன்' ஆகிவிடுகிறது. சில சுற்று எரியும், சில சுற்று எரியாது. குலுக்கல்!

சரி, அதே வண்டி 4000 ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து ஓடும்போது? இன்ஜின் விநாடிக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கிறது. திராட்டில் திறந்திருப்பதால் மேனிஃபோல்டில் வேக்கமும் இல்லை; ஓட்டை வழியாக இழுக்க ஆளில்லை. அண்டாவில் விழுந்த உப்புக்கல் மாதிரி, குறை இருக்கிற இடமே தெரியாது.

நான் ஸ்க்ரூவைத் திருகியதும் குலுக்கல் மறைந்த ரகசியமும் இதுவே. திராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். காற்றும் பெட்ரோலும் கூடின, வேக்கம் குறைந்தது, ஓட்டையின் பங்கு சிறுத்தது. ஆனால் ஓட்டை அடைபடவில்லை. இரண்டு வாரத்தில் அது இன்னும் கொஞ்சம் பெரிதானதும் வண்டி பழையபடி ஆனது. காய்ச்சல் என்று வந்தவனுக்கு தெர்மாமீட்டரைத் திருத்திக் கொடுத்த டாக்டர் நான்!

வரிசையாகத் தேடுவது எப்படி?

எங்கள் லேப் சாரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "திருப்புளியைக் கீழ வை. முதல்ல காதைத் திற. ஸ்க்ரூ எல்லாம் கடைசி" என்றார். அடுத்த சனிக்கிழமை மாமா வீட்டில் அவர் சொன்ன வரிசையில்தான் இறங்கினேன்.

அதற்கு முன் பாதுகாப்பு. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்; அதற்கு வாசனையும் கிடையாது. நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். தொளதொள சட்டை, துண்டு, ஐ.டி. கார்டு கயிறு எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது.

1. ஓட்டுகிறவரைக் கேளுங்கள். எப்போது வருகிறது? சூடில்லாதபோதா, சூடான பிறகா? லைட் போட்டாலா? மழையிலா? மாமா சொன்ன 'காலையில நல்லா இருக்கு' என்பதை இப்போதுதான் யோசித்தேன். காலையில் அவர் சோக் இழுத்துத்தான் கிளப்புகிறார். சோக் இழுத்தால் பெட்ரோல் கூடும். லீனாக இருக்கும் குறையை அது மூடி மறைத்துவிடும். இன்ஜின் சூடாகி, சோக்கை உள்ளே தள்ளியதும் குறை வெளியே வருகிறது. அஞ்சாறு கடை தாண்டியதும் என்ற கணக்கு இதுதான்.

2. சைலன்சரில் காது வையுங்கள். பக்கத்தில் நின்று கேட்டாலே போதும். தாளம் தவறாமல் ஒரே சீராக ஒரு அடி விட்டுப்போனால் ஏதோ ஒரு சிலிண்டர் படுத்திருக்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே தடுக்கினால் மூன்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. மாமா வண்டி இரண்டாவது ரகம்.

3. சிலிண்டர் சோதனை. இன்ஜினை ஆஃப் செய்து, ஒரு பிளக் வயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் உதிரி பிளக் ஒன்றை மாட்டி, அது இன்ஜின் உலோகத்தில் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் வேகம் சட்டென்று இறங்கும். கழற்றியும் மாற்றம் இல்லையென்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஓடுகிற இன்ஜினில் கையால் வயரைப் பிடுங்கும் வீரம் வேண்டாம். ஷாக்கும் அடிக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷனும் கெடும். மாமா வண்டியில் மூன்றும் ஒரே மாதிரி இறங்கின. ஆக, பிளக், வயர், கம்ப்ரஷன் மீது சந்தேகம் குறைந்தது.

4. பிளக்கின் நிறம். இளம் பழுப்பு என்றால் நலம். கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். வெளுத்திருந்தால் லீன். மாமா வண்டியில் மூன்றும் விபூதி பூசியது போல் வெளுத்திருந்தன!

5. சோக் சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடான பின், குலுங்கிக்கொண்டிருக்கும்போதே சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். குலுக்கல் அதிகமானால் கலவை ஏற்கெனவே ரிச். குலுக்கல் அடங்கினால் லீன். இழுத்தேன். இன்ஜின் தூங்குகிற குழந்தை மாதிரி அடங்கியது. மாமா என்னைப் பார்த்தார். நான் இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

லீன் என்று உறுதியானால் குற்றவாளிகள் இருவர்தான் முக்கியம்: ஒன்று திருட்டுக் காற்று, இன்னொன்று அடைபட்ட ஐடில் ஜெட்.

6. திருட்டுக் காற்றைப் பிடிப்பது. முதலில் ஓர் எச்சரிக்கை. சிலர் சூடான இன்ஜின் மேல் பெட்ரோலைத் தெளித்து ஏர் லீக் கண்டுபிடிக்கிறார்கள். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது. நெருப்பு பிடிக்க ஒரு பொறி போதும். தயவுசெய்து செய்யாதீர்கள். சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டில் போதும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங், மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடம், வேக்கம் ஹோஸ்கள், அவற்றின் முனைகள் என்று ஒவ்வொரு இடமாகத் தெளியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், காயில் பக்கம் தண்ணீர் படக்கூடாது. ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் பட்டால் ஒரு கணம் அடைபட்டு இன்ஜின் சத்தம் மாறும். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை அங்கங்கே நகர்த்தினால் 'ஸ்ஸ்' என்ற சத்தமும் கேட்கும்.

பேக்கிங்கில் ஒன்றும் இல்லை. மேனிஃபோல்டு போல்ட்டுகளும் இறுக்கமாகவே இருந்தன. பிறகு ஹோஸ்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய கட்டிங் பிளேயரால் மெல்ல நசுக்கிப் பார்த்தேன். மேனிஃபோல்டிலிருந்து புறப்படும் ஒரு சுண்டுவிரல் பருமன் ஹோஸை நசுக்கியதும் இன்ஜின் சட்டென்று சீரானது. விட்டால் குலுக்கல். நசுக்கினால் அமைதி. மறுபடி விட்டேன், மறுபடி நசுக்கினேன். நம்ப முடியாமல் ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன்.

கழற்றிப் பார்த்தால் மேல்பக்கம் புதுசு போல் இருந்தது. அடிப்பக்கம், வளைவில், நீளவாக்கில் ஒரு வெடிப்பு. சூடில்லாதபோது வாயை மூடிக்கொண்டிருக்கும். சூடேறி ரப்பர் இளகியதும் வாயைத் திறக்கும். இத்தனை வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர், பாவம், அதன் மேல் என்ன குற்றம்? நியாயமாக எப்போதோ மாற்றியிருக்க வேண்டிய பொருள்.

ஒரு சாண் புது வேக்கம் ஹோஸ், இரண்டு கிளிப். ஆன செலவு ஒரு கடைக்குப் போடும் மாவுப் பாக்கெட்டுகளின் விலை கூட இல்லை.

7. ஜெட் சுத்தம். கையோடு ஐடில் ஜெட்டையும் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் விட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்தேன். கம்பி, ஊசி எதையும் ஜெட்டுக்குள் விடாதீர்கள். ஜெட்டின் துளை மயிரிழை பெரிதானாலும் அளவு மாறிவிடும். ஏர் பில்டரையும் தட்டிப் போட்டேன்.

8. இப்போதுதான் ஸ்க்ரூ! இன்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும், சோக் முழுக்க உள்ளே, லைட் ஆஃப். வேக ஸ்க்ரூவை வெளியே எடுத்து, மானுவல் சொல்லும் ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாகத் திருகி, இன்ஜின் எங்கே அதிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அந்த இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து, வேகம் துளி இறங்கும் அளவுக்கு மட்டும் உள்ளே விடுங்கள். வேகம் மாறியிருந்தால் மறுபடி வேக ஸ்க்ரூ. மிக்சர் ஸ்க்ரூவை அடிமுட்ட இறுக்கினால் அதன் கூர்முனை கெடும், ஜாக்கிரதை. காதால் வைத்தது சரிதானா என்பதைப் புகைச் சோதனை நிலையம் சொல்லிவிடும். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாமா வண்டி அதற்குள் அடங்கியது.

வேறு எங்கெல்லாம் பார்க்கலாம்?

உங்கள் மாமா வண்டிக்கும் இதே ஹோஸ்தான் என்று ஓடிவிடாதீர்கள்! ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தால் பிளக் இடைவெளி, பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், டேப்பட் கிளியரன்ஸ், கடைசியில் கம்ப்ரஷன் என்ற வரிசையில் போங்கள். பாயிண்ட் உள்ள வண்டியில் பாயிண்ட் தேய்ந்தாலும் கன்டென்சர் கெட்டாலும் மூன்று சிலிண்டரும் தடுக்கும். கறும்புகையும் பெட்ரோல் வாசனையும் வந்தால் ஃப்ளோட் சேம்பரின் நீடில் வால்வைப் பாருங்கள். சோக் கேபிள் முழுக்கத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். லைட் போட்டதும் மட்டும் சோர்ந்தால் பாட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் வயர்.

இன்னொன்று. 2023 முதல் நம் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. அது முழுசாக எரிய 14.7 வேண்டாம், சுமார் 13.5 பங்கு காற்றே போதும். பழைய கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே காற்றை அளப்பதால் கலவை இயல்பிலேயே சற்று லீன் ஆகிறது. பழைய ரப்பர் ஹோஸ்களும் பேக்கிங்குகளும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸை வருஷம் ஒரு தடவையாவது வளைத்துப் பார்த்து, வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுவது நல்லது. பெட்ரோல் ஒழுகினால் அது ஐடிலிங்கோடு நிற்காது.

"இப்பத்தான் எல்லாம் இன்ஜெக்‌ஷன் ஆச்சே, கார்புரேட்டர் கதை நமக்கு எதுக்கு?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நண்பா, இன்ஜெக்‌ஷன் வண்டியிலும் மேனிஃபோல்டு உண்டு, ஹோஸ் உண்டு, வெடிப்பும் உண்டு. அங்கே ஸ்க்ரூவுக்குப் பதில் கம்ப்யூட்டர் தானே ஐடிலிங்கைச் சரிசெய்து குறையை மறைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்கேனர் 'லீன்' என்று சொல்லும். எந்த ஹோஸ் என்று சொல்லாது. அதற்கு நம் காதும் சோப்புத் தண்ணீரும்தான் வேண்டும்.

அன்று வேலை முடிந்ததும் மாமா ஹெட்லைட்டைப் போட்டார். இன்ஜின் லேசாகத் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்து, சீராக நின்றது. டேஷ்போர்டு மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தார். தண்ணீர் நடுங்கியது, சிந்தவில்லை. மூன்று சிலிண்டருக்கு அது போதும்.

"போன தடவையும் நல்லாத்தானே மாப்ளே இருந்துச்சு?" என்று கேட்டார்.

"போன தடவை நான் என்ன குறைன்னே பார்க்கல மாமா. ஸ்க்ரூவைத் திருகி மறைச்சுட்டேன். தப்பு என் மேல" என்றேன். இதைச் சொல்ல எனக்கு மீன் குழம்பை விடக் காரமாக இருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் தோளில் தட்டிவிட்டு, பழைய ஹோஸை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார்.

மறுநாள் விடியற்காலை நானும் கூடவே போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகும் வரை இன்ஜினை அணைத்து வைத்தோம். கேட் திறந்ததும் மாமா சாவியைத் திருப்பினார். தண்டவாளத்தின் மேல் ஏறும்போது இருவரும் பேசவில்லை. வண்டி பேசிக்கொண்டே போனது, ஒரே சுருதியில். இருபத்திரண்டு கடையும் ஆறு ஐம்பதுக்கு முடிந்தது. பழைய வண்டி எடுக்கிறவருக்கு மாமா அன்றே போன் போட்டு 'வேணாம்' என்று சொல்லிவிட்டார்.

அந்த வெடித்த ஹோஸ் இப்போது ஹாஸ்டலில் என் மேசை மேல் இருக்கிறது. நாளைக்கு நீங்களும் நானும் எங்கோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்போம். ஒருவர் தன் பிழைப்பையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து நம் முன் நிறுத்துவார். கை முதலில் ஸ்க்ரூவைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள் நண்பர்களே. கேளுங்கள், பாருங்கள், தொட்டுச் சோதியுங்கள். ஸ்க்ரூ எங்கேயும் ஓடிவிடாது. கடைசியில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.